ஐயா ஓகே போட்டாச்சு

ஆகஸ்ட் 5, திங்கள்

பேச்சுப் பயிற்சி குடுக்க வர்ற ஸ்டெல்லா மேடம் டைரி போடச் சொல்லியிருக்காங்க. "உங்க வீட்டுக்காரர் புதுசா ஒரு சத்தம் போட்டாலும் எழுதி வைங்கம்மா, நான் வர்றப்ப பாக்கறேன்"னாங்க. எழுதறேன். இன்னைக்குப் புதுசா ஒண்ணும் இல்லை. டிசம்பர்ல வாதம் வந்து வலது பக்கம் விழுந்ததுல இருந்து அவர்கிட்ட மிஞ்சினது ஒரே வார்த்தை. சரி. கஞ்சி வேணுங்களா? சரி. சூடா இருக்குதா? சரி. ஃபேனை நிறுத்தட்டுங்களா? சரி. கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்ற பேச்சுக்கு ஒரு தடவை சரின்னு சொல்லாத மனுசன். சிரிப்பு வரணும். வரலை.

அவ்வளவுதான் செய்தி. மீதிப் பக்கத்தை வெள்ளையா விட மனசு வராம மத்ததையும் எழுதறேன். ஸ்டெல்லா மேடம், நீங்க தாண்டிப் போயிருங்க.

காலைல போணி ஆச்சு. கணபதி ஏரியாவுல நம்ம கடை, மோட்டார் வைண்டிங் பண்ற செம்புக் கம்பி வியாபாரம். அவர் ஓகே போடாம மொத வண்டி குடோனை விட்டு நகராது. ரொம்ப வருசமா அதான் வழக்கம், அவர் கை ராசின்னு ஒரு பேச்சு. விழுந்த பொறகும் நாங்க அதை விடலை. கணக்குப் பாக்கற மரகதம் அன்னைக்கு மொத ஆர்டரை மெயில்ல அனுப்புவா. நான் அவர் மடியில தலகாணி போட்டு லேப்டாப்பை வெப்பேன். எடது கை ஒத்தை விரலால ஓகேங்கற ரெண்டு எழுத்தையும் தேடித் தேடி அமுக்குவார். அதுக்குள்ள நான் ஒரு தொட்டிப் பாத்திரம் கழுவி முடிச்சிருவேன். அங்க மரகதம் "ஐயா ஓகே போட்டாச்சு"ன்னு சத்தம் குடுப்பா, குடோன் ஆளு திருமூர்த்தி ஷட்டரைத் தூக்குவான். அது ஒண்ணுதான் அவர் இன்னும் மொதலாளின்னு அவருக்கே தெரியற நேரம்.

அப்பறம் நான் கடைக்குக் கெளம்பீட்டேன். பகல்ல பாத்துக்க ஆயா இருக்குது. லேப்டாப்பை மூடப் போனா கையைப் புடிச்சுக்கறார். தெறந்தே வெச்சுட்டு வந்தேன். அவருக்கும் பொழுது போகோணுமில்ல.

ஆகஸ்ட் 7, புதன்

வாஷிங் மெஷின் தண்ணி இழுக்க மாட்டேங்குது. ரெண்டு நாள் பெட்ஷீட்டைக் கையில தொவைச்சேன். மதுரை பார்ட்டிக்கு ஒரு வண்டி நெறைய லோடு போயாச்சு. ஆடி மாசத்துல இத்தனை பெரிய ஆர்டர்னு மரகதத்துக்குக் கால் தரையில நிக்கலை. எனக்கும் சந்தோசமாத்தான் இருக்கணும்.

சத்தம் ஒண்ணும் புதுசா இல்லை.

ஆகஸ்ட் 10, சனி

மதுரைக்காரங்க போன் பண்ணி, லோடு எப்பங்க வரும்னாங்க. எனக்குப் பதறணும், பதறலை. "அது புதன்கெழமையே எறங்கியாச்சுங்களே"ன்னேன். "எங்கீங்க?"ன்னாங்க.

டிரைவர் கரெக்டா சொல்றான். திண்டுக்கல் ரோட்டுல வாடகைக் குடோன், போர்டு மாட்டியிருந்துச்சு, நாலு ஆளு எறக்கினாங்க, சீல் வெச்சுக் கையெழுத்துப் போட்டாங்க, டீ கூட வாங்கிக் குடுத்தாங்க. இப்ப போனா அங்க பூட்டுத்தான் தொங்குது.

மரகதம் மெயிலைத் தேடி எடுத்தா. மதுரைக்காரங்க பேருல, ஐயாவுக்கும் கடைக்கும் சேத்தே வந்திருக்குது. எங்க குடோன்ல மராமத்து வேலை நடக்குது, இந்தத் தடவை சரக்கை இந்தப் புது விலாசத்துல எறக்குங்க, சம்மதமான்னு கேட்டிருக்கான். ஆர்டர் நம்பர், ரீல் எண்ணிக்கை, கம்பி கனம் எல்லாமே சரியா இருக்குது. மெயில் விலாசத்துக்குக் கடைசில வால் மட்டும் வேற. அதைப் போயி யாரு பாக்கறா? அதுக்குக் கீழ, எங்க ஐயா மெயில்ல இருந்து ஒரே பதில். ஓகே.

ஐயா ஓகே போட்டாச்சுன்னா அப்பறம் எங்க கடையில கேள்வி கெடையாது. வண்டியோட போற ஈ-வே பில்லையும் அந்த விலாசத்துக்கே போட்டு, திருமூர்த்தி ஷட்டரைத் தூக்கீட்டான்.

எவனோ அவர் மெயிலுக்குள்ள பூந்துட்டான். அப்படித்தான் இருக்கும்.

ராத்திரிக்கு ரசம் வெச்சேன். அவர் ரெண்டு கரண்டி கூடக் குடிச்சார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஆன்லைன் மோசடிக்குன்னு இருக்கற 1930க்குப் போன் பண்ணி, ஸ்டேசன்லயும் எழுதிக் குடுத்தாச்சு. செம்பு உருக்கினா ஊரு பேரு தெரியாதுங்கம்மான்னு ஏட்டு சொன்னார். ஆறுதல் சொல்ற லட்சணம்.

"ஐயா பாஸ்வேர்ட் யாருக்கெல்லாம் தெரியும்?"னு கேட்டாங்க. மகள் பேரும் ஒண்ணு ரெண்டு மூணும். எங்க கடையில தண்ணி கேன் போடறவனுக்கும் தெரியும். ஆனா நான் அங்கயே மரகதத்தைத் திரும்பிப் பாத்துட்டேன். கடைக்கு வந்த பொறகு வாயும் சும்மா இருக்கலை. "தெனமும் அவருக்கு மெயில் அனுப்பறவ நீதானே, ஏம்மா, உனக்குத் தெரியாம எப்படிப் போச்சு?"ன்னுட்டேன். அவ டிபன் பாக்ஸைப் பையில போட்டா, கண்ணைத் தொடைச்சா, போயிட்டா. பதினாறு வருசமா இருக்கறவ. எனக்கு ஒண்ணுமே தோணலை, அதான் எனக்கே பயமா இருந்துச்சு.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மரகதம் வரலை. போணி மெயிலை நானே அனுப்பி, நானே வீட்டுல தெறந்து குடுத்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

மதுரைக்காரங்க ஒரு புள்ளையை அனுப்பியிருக்காங்க. ஹசீனான்னு பேரு, கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர் காவல் வேலை பாக்கற பொண்ணு. இவ வந்து எல்லாத்தையும் சீர் பண்ணி எழுதிக் குடுத்தாத்தான் அடுத்த ஆர்டராம், 29ஆம் தேதி வரைக்கும் கெடு. அவங்களை நம்பித்தான் எங்க கடையில பாதி அடுப்பு எரியுது, வேற வழி?

வந்ததும் ஷூவைக் கழட்டீட்டு மேசைக்கடியில பூந்து பாத்தா. நகலெடுத்து வெக்கற ஹார்ட் டிஸ்க் போன ஆயுத பூஜைக்கு வெச்ச சந்தனம் குங்குமத்தோட கம்ப்யூட்டர்லயே சொருகிக் கெடந்துச்சு. "இதை எப்பக் கழட்டுவீங்க மேடம்?"னா. "கழட்டோணுமா கண்ணு?"ன்னேன். "வைரஸ் வந்து கம்ப்யூட்டரைப் பூட்டுச்சுன்னா இதையும் சேத்துத்தான் பூட்டும். சாவிக்கு நகல் எடுத்து அதையும் பூட்டுலயே தொங்க விட்ட மாதிரி இருக்குது"ன்னா. திருமூர்த்தி போன்ல யாரோ அனுப்பின கல்யாணப் பத்திரிகை. "யாரு கல்யாணம்ணா?" "தெரியலீங்க, தெறந்தாப் பொண்ணு மாப்ள பேரு தெரியும்னு அமுக்கினேன்." பொண்ணும் வரலை மாப்ளயும் வரலை, ஒரு ஆப்பு வந்து உக்காந்திருக்குது. அதைக் கழட்டறதுக்கு அவளுக்கு ஒரு மத்தியானம் ஆச்சு.

அப்பறம் எல்லாரையும் உக்கார வெச்சுப் பேசினா. ஆளுக்கொரு பாஸ்வேர்ட், நீளமா, யாருக்கும் சொல்லக் கூடாது. அதுக்கு மேல ரெண்டாவது பூட்டு, போனுக்கு வர்ற நம்பரை அரை நிமிசத்துக்குள்ள போடணும். விலாசமோ பேங்க் கணக்கோ மாறுதுன்னு மெயில் வந்தா, அந்த மெயில்ல இருக்கற நம்பருக்குக் கூப்பிடக் கூடாது. நம்மகிட்டப் பழசா இருக்கற நம்பருக்குக் கூப்பிட்டு, ஆள் குரலைக் கேக்கணும். "மொதலாளியே ஓகே சொன்னாலும் குரலைக் கேக்கணும்"னா. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. ஐயாவுக்குப் பேச்சு இல்லைன்னு அந்தப் புள்ளைக்கு இன்னும் தெரியாது.

ஐயா மெயிலை நாலஞ்சு மாசமா வெளியில இருந்து எவனோ படிச்சுட்டு இருந்திருக்கான். அவனைத் தொரத்தியாச்சு. புதுப் பாஸ்வேர்ட் எனக்கு மட்டும்தான் தெரியும். ரெண்டாவது பூட்டு மட்டும் இப்ப வேண்டாம்னு கெஞ்சி வெச்சேன், வீட்டு லேப்டாப்புல போணி நடக்கணுமில்ல. போறப்ப ஹசீனா கேட்டா, "அந்த ஓகே மத்தியானம் மூணு மணிவாக்குல போயிருக்குது மேடம். வீட்டு லேப்டாப்பை அப்ப யாரு பாப்பாங்க?"

"யாரும் பாக்க மாட்டாங்க. அவர் அந்நேரம் தூங்குவார்"னேன்.

தூங்கறதில்லை.

ஆகஸ்ட் 17, சனி

மாத்திரை வாங்கினேன். ஆயாவுக்கு அரை நாள் லீவு. அவர் நகம் வெட்டினேன், எடது கைதான் வேகமா வளருது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஹசீனா முன்னாடியே சொல்லியிருந்தா, ஒரு நாள் எல்லாருக்கும் பொய் மெயில் ஒண்ணு அனுப்பிப் பரிட்சை வெப்பேன், எப்பன்னு சொல்ல மாட்டேன்னு. நேத்து அனுப்பியிருக்கா. தீபாவளி போனஸ் பட்டியல், இதன்படி குடுக்கலாமா, கீழ அமுக்கிப் பாருங்க.

பாதிப் பேரு அமுக்கீட்டாங்க. நானும். போனஸ் குடுக்கறவளே நான்தான், எனக்குத் தெரியாம எவன்டா பட்டியல் போட்டான்னு கோவத்துல அமுக்கியிருக்கேன். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் வாயைத் தெறந்து வெச்சேன்.

அப்பறம் ஹசீனா என்னை மட்டும் உள்ள கூப்பிட்டுக் கதவைச் சாத்தினா. லேப்டாப்பை என்ற பக்கம் திருப்பினா. பொய் மெயிலுக்கு ஐயாகிட்ட இருந்து பதில் வந்திருக்குது. ஓகே. மத்தியானம் ரெண்டே முக்கால். வீட்டு இணைப்புல இருந்து.

அந்நேரம் நான் இவளோட உக்காந்து டீ குடிச்சுட்டு இருந்தேன். ஆயாவுக்கு எழுத்து தெரியாது.

"திருடன் ஒரு தடவை கூட உங்க மெயில்ல இருந்து எதையும் அனுப்பலை மேடம். படிச்சான், அவ்வளவுதான். வெளியில இருந்து கேள்வி கேட்டான். பதில் சொன்னது..."ன்னு நிறுத்தினா. சின்னப் புள்ள.

"தெரியுது கண்ணு, சொல்ல வேண்டாம்"னேன். டீ டம்ளர் ரெண்டையும் எடுத்துப் போயிக் கழுவினேன்.

ஆகஸ்ட் 21, புதன்

எழுதறதுக்கு ஒண்ணுமில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

மரகதம் வீட்டுக்குப் போனேன், சரவணம்பட்டி. வாசல்லயே நின்னு சொன்னேன், "உன்னைச் சொன்னது தப்பு மரகதம். அது ஐயாதான்."

"உள்ள வாங்கக்கா, வெயில்ல நிக்காதீங்க"ன்னா. மோர் குடுத்தா. அப்பறம் சொல்றா, "எனக்கு மொத நாளே தெரியுங்கக்கா. மூணு மாசமா மத்தியானமாச்சுன்னா எனக்கு மெயில் அனுப்பறார். உள்ள ஒண்ணும் இருக்காது. வெறும் ஓகே. சில நாள் அஞ்சாறு வரும்."

"ஏம்மா எங்கிட்டச் சொல்லலை?"

"சொன்னா லேப்டாப்பைப் புடுங்கீருவீங்கன்னுதான். நானும் திருப்பி ஓகேன்னு ஒண்ணு போட்டு விடுவேன். நல்லா இருக்கார்னு தெரிஞ்சுக்கறதுக்கு எனக்கு அது போதுமாட்ட இருந்துச்சு."

இவ மேல நான் திருட்டுப் பழி போட்டிருக்கேன். வெக்கமா இருந்துச்சு. வெக்கமாவாச்சும் இருந்துச்சேன்னு வர்ற வழியில நெனைச்சேன். நாளையில இருந்து வர்றேன்னுட்டா.

ஆகஸ்ட் 24, சனி

ஹசீனா வீட்டுக்கே வந்தா. அவருக்கு ரெண்டாவது பூட்டு போட முடியுதான்னு பாக்கலாம்னு அவளே சொன்னா, நல்ல மனசு. போனுக்கு ஆறு எண் வரும், அதை அவர் பாத்து லேப்டாப்புல அடிக்கோணும். நாலைப் பாத்து ஏழை அமுக்கறார். திரும்பப் பாக்கறார். அதுக்குள்ள எண் மாறிப் போயிருது. மறுபடி. மறுபடி. வேர்த்து ஊத்துது. ஹசீனா அவர் பக்கத்துல தரையில உக்காந்து, "பரவால்ல அங்கிள், இன்னொண்ணு வரும் பாருங்க"ன்னுட்டே இருந்தா. கடைசில அவர் போனைக் கவுத்து வெச்சுட்டார்.

வாசல்ல செருப்பு மாட்டறப்ப சொன்னா, "ரெண்டாவது பூட்டு இல்லாத ஆள் ஒருத்தர் கூட மெயில்ல இருக்கக் கூடாது மேடம், மதுரைக்காரங்க அதான் மொதல்ல பாப்பாங்க. ஐயா பேரை எடுத்துத்தான் ஆகணும்."

"எடுத்தா அவர் என்ன பண்ணுவார் காலைல?"ன்னு கேட்டேன். அவகிட்டக் கேக்கற கேள்வியா அது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

மரகதம் ஒரு யோசனை சொன்னா. கடையோட ஒட்டு இல்லாம தனியா ஒரு மெயில், அவருக்குன்னு. தெனமும் ஒரு பழைய ஆர்டரை அனுப்புவோம், அவர் பாட்டுக்கு ஓகே போடட்டும், வண்டி எங்க பாட்டுக்குப் போகட்டும். யாருக்கும் நட்டமில்லை. எனக்கும் அது நல்லாத்தான் பட்டுச்சு.

இன்னைக்குச் செஞ்சு பாத்தோம். மரகதம் போன வருசத்து ஆர்டர் ஒண்ணைத் தேதி மாத்தி அனுப்பினா. நான் தலகாணி வெச்சு, லேப்டாப் வெச்சு, "போணிங்க"ன்னேன். அவர் ஸ்கிரீனைப் பாத்தார். அந்தப் பார்ட்டி கடையை மூடீட்டுச் சூரத் போயி ஒரு வருசமாச்சாம். அது எனக்குத் தெரியாது, மரகதமும் மறந்துட்டா. அவர் மறக்கலை. என்னைத் திரும்பிப் பாத்தார், ரொம்ப நேரம். நான் பாத்திரம் கழுவப் போகாம அங்கயே நின்னேன்.

அப்பறம் விரலை நீட்டி, ரெண்டு எழுத்தையும் தேடி, ஓகே போட்டார். எனக்காகப் போட்டார்.

அவருக்கு எல்லாம் புரியுதும்மா, வெளிய வர்ற வழிதான் அடைச்சிருக்குன்னு ஸ்டெல்லா மேடம் மொத நாளே சொன்னாங்க. அப்ப அந்த மதுரை மெயிலுக்கு எதுக்கு ஓகே போட்டார்? புரிஞ்சா, புரியாமயா, யாராச்சும் நம்மளைக் கேட்டாங்களேங்கற சந்தோசத்துலயா? நான் அவரைக் கேக்க முடியாது. கேட்டா சரிம்பார்.

இந்தப் பொம்மை வெளையாட்டு வேண்டாம். அவர்கிட்ட நேராச் சொல்லிருவேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

மத்தியானம் கடையில இருந்து சீக்கிரமா வந்துட்டேன். மதுரைக்காரங்களுக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் போகணும். அவர் ஜன்னலோரம் நாற்காலியில இருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு நேருக்கு நேர் உக்காந்தேன்.

"ஏனுங்க, அந்த மதுரை லோடு போச்சில்லங்க, அது நீங்க போட்ட ஓகேல போனது. உங்க மேல தப்பில்லை, அவன் எங்க எல்லாரையும்தான் ஏமாத்தினான். ஆனா இனிமே கடை மெயில்ல உங்க பேரு இருக்கக் கூடாதுங்கறாங்க. போணியும் இங்க வராது, நானே போட்டுக்கறேன். உங்க பேரை எடுத்துடட்டுங்களா?"

சரிம்பார்னு காத்துட்டு இருந்தேன். எட்டு மாசமாக் கேட்டதுக்கெல்லாம் சொன்ன சரிதானே, இன்னைக்கும் ஒண்ணு சொன்னா வாங்கி மடியில முடிஞ்சுட்டு எந்திரிச்சுப் போயிரலாம்னுதான் கேட்டதே.

வாய் கோணுச்சு. தாடை ஆடுச்சு. "வே"ன்னார். நான் தண்ணி கேக்கறார்னு செம்பை எடுத்தேன். கையைத் தட்டி விட்டார்.

"வே... ணாம்."

நான் போட்ட சத்தத்துல ஆயா சமையக்கட்டுல இருந்து ஓடி வந்துச்சு. ஸ்டெல்லா மேடத்துக்கு வீடியோ கால் போட்டேன். "மேடம், பேசீட்டாருங்க, வேணாம்னாருங்க!" மேடம் பஸ்ல இருந்தாங்க, அங்கயே கத்தறாங்க: "என்ன கேட்டீங்களோ அதையே திருப்பிக் கேளுங்கம்மா! அதே கேள்வி, அதே மாதிரி! விட்டாப் போயிரும், விடாதீங்க!"

"உங்க பேரை எடுத்துடட்டுங்களா?"

"வேணாம்."

"சபாஷ்! மறுபடி!"

"எடுத்துடட்டுங்களா?"

"வேணாம்."

மேடம் கை தட்டறாங்க, ஆயா கை தட்டுது, நானும் தட்டறேன். ஒவ்வொரு தடவையும் வார்த்தை தெளியுது. அவர் எங்க யாரையும் பாக்கலை, என்னை மட்டும் பாக்கறார், கண்ணுல இருந்து ஊத்துது. எனக்கும் வந்துருச்சு. டிசம்பர்ல ஆஸ்பத்திரியில வராதது, அவரை ஸ்ட்ரெச்சர்ல தூக்கினப்ப வராதது, மொத்தமா வந்துச்சு. சந்தோசத்துலதான் அழுகறேன்னு ஆயா நெனைச்சுருச்சு. சந்தோசமும்தான். பாவி நான், அவர் கெஞ்சறார்னு தெரிஞ்சுதான் மறுபடியும் மறுபடியும் கேட்டேன், அந்தக் கொரலைக் கேக்கறதுக்கு.

"நாளைக்கும் இதே கேள்வியைக் கேளுங்கம்மா, ஒரு வாரத்துக்கு விடாம"ன்னுட்டு மேடம் வெச்சாங்க.

வெச்சதும் ஹசீனா கூப்பிட்டா. நான் முந்தானையில மூஞ்சியைத் தொடைச்சுட்டு ரூமுக்கு வெளிய வந்தேன்.

"மேடம், நாலரை ஆச்சு. எடுத்துடலாமா?"

"எடுத்துடு கண்ணு."

"அங்கிள்கிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

உள்ள ஆயா விடலை. மேடம் சொன்ன மாதிரியே கேட்டுட்டு இருக்குது, எடுத்துடட்டுங்களா, எடுத்துடட்டுங்களான்னு. அவரும் விடாம, இப்ப நல்லா சத்தமா, பழைய கொரல்ல, வேணாம் வேணாம்னு சொல்லீட்டு இருக்கார். நான் கதவை இழுத்துச் சாத்தினேன்.

"என்ன சொன்னாங்க மேடம்?"

"சரின்னுட்டார்"னேன்.